வேண்டாம் என்று சொல்லும் நரம்பு

அன்புள்ள பக்கிரி,

வேறு யாருக்கும் முன்னால் உனக்குத் தெரிவிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பல நாள் யோசனைக்குப் பிறகு, குடும்பத்தாரின் ஒப்புதலோடு, என் மேசையின் இடது மூலையில் இருந்த கண்ணாடிக் குப்பியை வலது மூலைக்கு மாற்றிவிட்டேன். ஐம்பது வருடங்களுக்கு மேலாக அது இருந்த இடம். அங்கே இப்போது உன் படம் இருக்கிறது. “அந்த நண்டுக் காலைத் தூக்கியே போட்டுடலாமே மாமா” என்று மருமகள் ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். ஆதரவு இல்லாமல் அது தோற்றது.

குப்பியில் இருக்கும் கால் யாருடையது என்று உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நீயும் நானும் ஒரே ஊர், மாயவரத்தில் ஒரே கல்லூரி, ஒரே விலங்கியல் வகுப்பு. உன் அப்பா எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தார். என் அப்பா அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதாவது வரப்போரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறி மதகைத் தாண்டினால் நீ என்னை “டேய் வைத்தி” என்பாய். திரும்பி வரும்போது அதே மதகில் நான் “சின்னய்யா” ஆகிவிடுவேன். அந்த மதகு தண்ணீரைவிட அதிகமாக இதைத்தான் கட்டுப்படுத்தியது.

செய்முறை வகுப்புக்கு நண்டு கொண்டு வரச் சொன்ன முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். நானே வயலுக்குப் போய்ப் பிடித்தேன். பெட்டியைத் திறந்து நீ பார்த்தபோது அதில் நண்டு மூன்று இருந்தது, கால்கள் தனியாகப் பதினொன்று இருந்தன.

“என்னடா இது, நண்டைப் புடிச்சியா, பிச்சியா?”

“காலைத்தான் பிடிச்சேன். அதுவே கழட்டிக் குடுத்துட்டுப் போயிடுச்சு.”

“காலைப் புடிச்சா குடுத்துட்டுத்தான் போவும். உங்க வீட்டுல காலைப் புடிச்சு என்னத்தை வாங்கினாங்க எங்க ஆளுங்க?”

அதற்குப் பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஓட்டின் பின்பக்கம், கொடுக்கு எட்டாத இடத்தில் எப்படி வைப்பது என்று காட்டினாய். அந்தப் பதினொன்றில் ஒரு காலைப் பார்மலினில் போட்டு என்னிடம் தந்தாய். சான்றிதழ் என்று சொன்னாய்.

நரம்பைப் பற்றிப் பேராசிரியர் நடத்தியதில் எனக்கு எதுவும் ஏறவில்லை. டீக்கடை பெஞ்சில் நீ சொன்னதுதான் ஏறியது. நண்டின் காலில் முடி மாதிரி இருப்பவை தொட்டதை உணரும். அந்தச் சேதியைக் கொண்டுபோகும் நரம்புச் செல் காலிலேயே, தோலுக்கடியில் குடியிருக்கிறது. அங்கிருந்து நீளமாக ஒரு இழை நெஞ்சுக்குள் இருக்கும் நரம்பு முடிச்சுக்குப் போகிறது. சதையை இழு என்று கட்டளை கொண்டுவரும் செல் அந்த முடிச்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதன் இழை மட்டும் காலுக்கு வருகிறது. “பாத்தியா,” என்றாய், “அடிபடறதைச் சொல்றவன் வயல்ல இருக்கான். உத்தரவு போடறவன் ஊட்டுக்குள்ள இருக்கான். நண்டுலயும் இதே கதைதான்.”

இன்னொன்றும் சொன்னாய். இழு என்று சொல்ல ஒரு நரம்பு இருப்பது போல, வேண்டாம் என்று சொல்லவும் நண்டுக்குத் தனி நரம்பு இருக்கிறது. நம் உடம்பில் அந்த வாக்குவாதம் தண்டுவடத்துக்குள்ளேயே முடிந்துவிடும், சதைக்கு வருவது முடிவு மட்டும்தான். நண்டுக்கு அப்படி இல்லை. இரண்டு கட்சியும் சதை வரைக்கும் வந்து நேருக்கு நேர் மோதிக்கொள்ளும். பிற்காலத்தில் நீ பேராசிரியராகி, முப்பது வருடம் அந்த வேண்டாம் நரம்பையே ஆராய்ந்தாய். நான் அறிவியலை விட்டு எழுத்துக்கு வந்தேன். அறிவியலுக்கு அது நல்லதாகவே முடிந்தது.

இப்போது அந்தக் காலைப் பொழுதுக்கு வருகிறேன், பக்கிரி. ஆட்சி மாறி, அப்பாவும் கரை வேட்டிக்கு மாறியிருந்த காலம். உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து நிலத்தைப் பலர் பெயருக்குப் பிரித்திருந்தார். என் பெயரிலும் கொஞ்சம் இருந்தது. கூலி உயர்வு கேட்டு ஆட்கள் வயலில் இறங்காமல் ஆறு நாள். தாளடிப் பயிர் பால் பிடித்து நின்றது. மதகடியில் போலீஸ் ஜீப் நின்றது. மறுநாள் செய்முறைத் தேர்வு. நம் இருவருக்கும் நண்டு வேண்டும். நான் கேட்டேன், நீ விடியும் முன் போனாய்.

நண்டை எடுத்தால் வளையை மண்ணால் அடைத்துவிட்டுத்தான் உங்கள் தெரு ஆட்கள் எழுந்திருப்பார்கள். இல்லையென்றால் வரப்பு ஒழுகும். நீ அடைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் காரியஸ்தர் பார்த்தார். வரப்பை வெட்டித் தண்ணீரை வடிய விடுகிறாய் என்று களத்துக்கு இழுத்து வந்தார். சட்டப்படி அது என் வரப்பு.

“எவன்டா உன்னை வெட்டச் சொன்னது?” என்றார் அப்பா.

“வெட்டலீங்க. நண்டு புடிச்சேன். நாளைக்குப் பரீட்சைங்க.”

காரியஸ்தர் ஜீப்பிலிருந்து வந்த போலீஸ்காரரைப் பார்த்துச் சிரித்தார். “நண்டுக்கெல்லாம் பரீட்சை வக்கிறாங்களாம் ஏட்டய்யா. நம்ம தம்பியும் அதே படிப்புத்தான் படிக்குது. அது என்ன நண்டா புடிச்சுக்கிட்டு அலையுது?”

அப்பா என் பக்கம் திரும்பினார். “ஏண்டா, காலேஜ்ல நண்டைத் தொடச் சொல்றாங்களா?”

முட்டை கூட நுழையாத வீடு. விலங்கியல் என்றால் படம் வரைவது என்று அம்மாவிடம் இரண்டு வருடமாகச் சொல்லி வைத்திருந்தேன். உன்னை ஜீப்பில் ஏற்றினால் பரீட்சை போய்விடும், படிப்பே போய்விடும். அதுவும் எனக்குத் தெரியும்.

“இல்லப்பா,” என்றேன். “படம் வரையறதுதான்.”

நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு முறை கூட என் பக்கம் திரும்பவில்லை. அது நட்பா, மதகுக்கு இந்தப் பக்கம் பழகிய பழக்கமா? இதைக் கேட்க எனக்கு ஐம்பது வருடம் இருந்தது.

அப்போதுதான் காரியஸ்தர் உன் தகர டின்னைக் காலால் எத்திவிட்டார். நண்டுகள் சிதறின. ஒன்று நேராக அப்பாவின் வேட்டிக் கரையை நோக்கி ஓடியது. அப்பா பின்வாங்கினார். ஏட்டும் பின்வாங்கினார். நான் குனிந்தேன். எழுந்தபோது நண்டு என் கையில் இருந்தது; கட்டைவிரல், ஆள்காட்டி விரல், ஓட்டின் பின்பக்கம், பத்துக் காலும் முழுசாக.

கண் பார்த்தது, கை போனது. நடுவில் வேண்டாம் என்று சொல்ல வேண்டியது வந்து சேர்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. அப்பா நண்டைத் தொட்டதில்லை. ஆனால் வேலை செய்கிற கைகளை ஆயுள் முழுக்கப் பார்த்தவர். ஒரு நாளில் வருகிற பிடி இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷமா.”

“அவனை விட்டுடு,” என்றார் காரியஸ்தரிடம். ஏட்டிடம் காபி சாப்பிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் நாம் இருவரும் தேர்வு எழுதினோம். அதற்குப் பிறகு நீ இந்தக் கதையை எங்கே சொன்னாலும், “வைத்தி மட்டும் அன்னிக்கு வாயைத் தொறந்து உண்மையைச் சொல்லலேன்னா நான் கம்பி எண்ணியிருப்பேன்” என்றே முடித்தாய். உன் கல்யாணத்தில் சொன்னாய், ஓய்வு பெற்ற நாளில் சொன்னாய். நான் வாயைத் திறந்தது பொய்க்கு. உண்மையைச் சொன்னது கை, அதற்கும் நீதான் கற்றுக் கொடுத்திருந்தாய். ஒவ்வொரு முறையும் மறுக்க நினைத்தேன். அந்த வேண்டாம் நரம்பு எனக்கு நன்றாகவே வேலை செய்தது.

ஊர்ச் சேதி கேட்பாய். அந்த வரப்பு இப்போது உன் தம்பி மகன் பெயரில் இருக்கிறது. அதில் இன்னும் நண்டு வளை போடுகிறது. என் அப்பா திட்டிய அதே வார்த்தைகளில் அவனும் திட்டுகிறான். உன் மகள் செல்வி ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டராகக் கைராசிக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறாள். உன்னைக் கொண்டுபோன அன்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அப்பா படிச்சதே உங்களாலதான் மாமா” என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

எனக்குப் பிடியைக் கற்றுத் தந்ததற்கு நன்றி, பக்கிரி. களத்தில் என் பெயரைச் சொல்லாததற்கு நன்றி. என்னைவிட நல்ல ஒருவனை உருவாக்கி, அவனுக்கு என் பெயரை வைத்து ஐம்பது வருடம் ஊருக்கு அறிமுகப்படுத்தியதற்கு மிகப் பெரிய நன்றி. அவனோடு பழக எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை உன் படத்திறப்பு. செல்வியிடம் முன்பே சொல்லிவிட்டு, மேடையிலும் உள்ளது உள்ளபடி சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மதகுக்கு இரண்டு பக்கமும்
உன் “டேய்” ஆகவே இருக்க விரும்பும்
வைத்தி

பி.கு.: செல்விக்கு நேற்று மாலை போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “சரிங்க மாமா” என்றாள். அழைப்பிதழில் பேசுகிறவர்கள் வரிசையில் என் பெயர் முதலாவதாக இருந்தது. இன்று காலை திருத்தி வந்ததில் ஆறாவதாக இருக்கிறது.