ஜன்னலுக்கு வெளியே ஒரு பந்தயம்

ஹீட்டர் மேல் காயப்போட்ட கம்பளிக் கையுறையிலிருந்து ஈர வாடை கிளம்பி வீடெல்லாம் பரவிவிட்டது. நனைந்த ஆட்டுக்குட்டி மாதிரி நாறுகிறதென்று நீ மூக்கைப் பொத்திக்கொள்வாய். எனக்கோ இந்த வாடை அடித்தால் அந்த மலை விடுதியின் கூடம்தான் கண்முன் வந்து நிற்கிறது. உன் உறவுக்காரர்கள் போனில் உன்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "ரொம்ப சாதுங்க, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சாதுவாம்! அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

அறுபதுகளின் கடைசியில் பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் ஊரில், சென்ட் லோரன்ட் பகுதியில், ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். நீ மேல் மாடி, நான் கீழே. உன் வீட்டுக்காரர் பேராசிரியர், என்னவர் தொழிற்சாலையில் எஞ்சினியர். ஐஸ் ஹாக்கி டிக்கெட் கிடைத்தால் ஆண்கள் இருவரும் அரங்கத்துக்குக் கிளம்பிவிடுவார்கள், நமக்கு டி.வி. நீ பல்லைக் கடிப்பாய். "மெட்ராஸ்லயும் இதே கதைதான்டி. பொங்கல் டெஸ்ட்டுக்கு அண்ணனுங்க சேப்பாக்கம் போவானுங்க. எனக்கு ரேடியோ. பொம்பளைப் புள்ளைக்கு கமெண்டரி போதும்னுட்டார் அப்பா." யார் எத்தனை ரன் எடுத்தார்கள் என்பதெல்லாம் உனக்கு அத்துப்படி. மைதானத்தை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு பிப்ரவரியில், உன் மகள் உமாவையும் சேர்த்து ஐந்து பேரும் ஒரே காரில் அடைந்துகொண்டு வடக்கே பனிச்சறுக்கு மலைக்குப் போனோம். எலுமிச்சை சாதம் ஒரு தூக்கு, தயிர் சாதம் ஒரு தூக்கு. உமாவுக்குப் பத்து வயது. அந்த வாரம் முழுக்கக் குழந்தைகள் வகுப்பில் சறுக்கப் பழகினாள். கடைசி நாள் அவர்களுக்குப் பந்தயம், நட்டுவைத்த கொடிகளைச் சுற்றிச் சறுக்கி இறங்க வேண்டும். "அப்பா, நீங்க கடைசிக் கொடிக்குப் பக்கத்துல நிக்கணும்" என்று காலையிலிருந்து நச்சரித்தாள். அவரும் தலையாட்டினார். உனக்கும் அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது. தன் மகளை அவர் நேரில் நின்று பார்க்க வேண்டும்.

நேரம் வந்தபோது ஆண்கள் இரண்டு பேரும் கூடத்து டி.வி. முன்னால் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். ஐரோப்பாவில் எங்கோ நடந்த பெரிய பனிச்சறுக்குப் போட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நிஜமான மலை இருக்கிறது, பெற்ற பெண் இருக்கிறாள். இவர்கள் பெட்டிக்குள் மலை பார்க்கிறார்கள்!

"உமா பேரைக் கூப்பிடப் போறாங்க. எழுந்து வாங்க" என்றாய் உன்னவரிடம்.

"இங்கேர்ந்தே தெளிவா தெரியுதே. வெளியில மைனஸ் இருபது. இதப் பாரு, எவ்ளோ அழகா காட்டறான்!"

"உங்க பொண்ணைக் காட்டறானா?"

என்னவர் சிரித்தார். உன்னவர் திரும்பவேயில்லை. நீ நேரே போய் டி.வி.யை அணைத்துவிட்டாய். விடுதியே அங்கேதான் கூடியிருந்தது. "எய், மதாம்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். நீ திரும்பி நின்று "மெர்சி" என்று நன்றி சொன்னாய். உனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி அதுதான். எவனோ ஓடிவந்து மறுபடி போட்டான். "மானத்தை வாங்கறே" என்றார் உன் வீட்டுக்காரர். எழுந்திருக்கவில்லை.

நாம் இருவரும் போனோம். உள்ளே ஆண்களின் கம்பளி உள்ளாடை, மேலே புடவை, காலில் ரப்பர் பூட்ஸ். பேன்ட் போடுங்கள் என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்காத ஜென்மங்கள் நாம். புடவைக் கரை பனியில் நனைந்து அப்பளமாக விறைத்து, நடக்க நடக்க பூட்ஸில் மோதியது. உமா மூன்றாவது கொடியிலேயே விழுந்தாள். நீ என்ன செய்தாய்? ரேடியோக்காரர் மாதிரி அடித்தொண்டையில் ஆரம்பித்துவிட்டாய். "விழுந்துவிட்டார் உமா! இதோ, கம்பை ஊன்றுகிறார்! எழுந்துவிட்டார்!" அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் ஒன்றும் புரியாமல் கைதட்டினார்கள். எல்லாருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தாள்.

"அப்பா பாத்தாரா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"ஜன்னல்லேர்ந்து..." என்று நான் வாயெடுத்தேன். நீ என் கையைப் பிடித்து அமுக்கினாய்.

"பாக்கலைம்மா. நான் பாத்தேன். நீ எழுந்ததையும் பாத்தேன்."

பத்து வயதுக் குழந்தையிடம் இப்படியா சொல்வாய் என்று இரண்டு நாள் உன்னோடு சண்டை போட்டேன். "பொய் சொல்லி அவரைக் காப்பாத்த மாட்டேன்டி" என்றாய். நீ சொன்னதுதான் சரி. இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன், சந்தோஷப்படு.

போன வாரம் உமா போன் செய்தாள். "ஆன்ட்டி, பயங்கரமா பனி கொட்டுது. நீங்க வராதீங்க. அம்மாவோட இறுதிச் சடங்கை கம்ப்யூட்டர்லயே பாக்கலாம். அப்பாவும் அப்படித்தான் பாக்கப் போறார்."

சடங்கன்று காலை டாக்ஸி பிடித்து, உன்னவர் இருக்கும் ரொக்ஸ்பரோ முதியோர் இல்லத்துக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் முழங்காலில் போர்வையோடு பெரிய டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். அதில் உன் சடங்கு நடக்கப்போகும் மண்டபத்தின் பூ வைத்த மேஜையும் காலி நாற்காலிகளும் தெரிந்தன. "வாம்மா. இங்கேர்ந்தே தெளிவா தெரியுது" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ரிமோட்டை எடுத்து அணைத்தேன். நர்ஸ் பதறினாள். அவர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. முழங்காலிலிருந்து போர்வையை விலக்கினார்.

"அன்னிக்கு உமா எழுந்ததை நான் பாக்கலை" என்றார்.

"தெரியும். கோட் எங்க இருக்கு?"

வாக்கரோடு அவரை டாக்ஸியில் ஏற்றுவதற்குள் என் இடுப்பு விட்டுப்போயிற்று. மண்டபத்து வாசலில் எங்களைக் கண்டதும் உமா ஓடிவந்தாள். அவர் அவளைப் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில் போய் நின்றார். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை, கடைசிவரை நின்றார். நீ பார்த்திருக்க வேண்டும்டி.

எனக்குச் சளி பிடித்துவிட்டது. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்கிறார் டாக்டர். தேவைதான். உடம்பு தாங்கினாலும் தாங்காவிட்டாலும், நம்மவர்கள் எங்கே விழுந்தாலும், எங்கே எழுந்தாலும், அங்கே போய் நிற்பேன்.