ஹால் பல்பு இனி அணையாது

சிம்ரன் அப்பா,

மீன் கொழம்பு அடுப்பு மேல கீது. கேஸ்காரர் வந்தா சிலிண்டர வாங்கி வை.

ஹால் சுவிட்சு மேல பிளாஸ்திரி ஒட்டிட்டேன். வெளிய போறப்போ பழக்கதோஷத்துல இனிமே அணைக்க மாட்டேன், போதுமா?

போன்ல தட்டினா எரியற உன் புது பல்புங்க ஒன்னுக்கொன்னு சேதி சொல்லிக்கும்னு பெருமையா மாட்டினே. நடுவுல கீற ஹால் பல்பை அணைச்சா பின்னாடி பாத்ரூம் பல்புக்கு சேதி போவாதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நீ இருட்டுல குளிச்சதுக்கு நானா பொறுப்பு? அன்னிலேர்ந்து மூஞ்சத் தூக்கி வச்சுகினு, எதுத்தாப்புல நான் நிக்கறப்பவே, "சிம்ரன், அம்மாவ சோறு போடச் சொல்லு"ன்றே.

அம்பத்தூர் கம்பெனிக்குக் கிளம்பிட்டேன்.

நாகவல்லி

பி.கு: லீவுக்கு சிம்ரன எங்கக்கா ஊட்டுக்கு அனுப்பிட்டேன். நடுவுல ஆளில்ல. கொழம்புல உப்பு கம்மின்னா, நேரா எங்கிட்டயே சொல்லு.