தண்ணீருக்கு அடியில் விடியல்

ஹனோய்.

மதிப்புக்குரிய கியென் மாமா அவர்களுக்கு,

உங்கள் தோவா எழுதுகிறேன். முதுகுவலி குறைந்ததா? அத்தை வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? நான் சுகம். அரக்கு பட்டுக் கை கொஞ்சம் தடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

நம் வீட்டுப் பின்குளம் விடியலில் இருப்பதைப் புத்தர் கோயிலுக்கு வரைவதாகச் சொன்னேனே, முடிந்துவிட்டது. மரப்பலகையில் பதினோரு பூச்சு அரக்கு. கடைசியில் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தால்தான் உள்ளே இருக்கும் படம் மேலே வரும். என் மனதில் இருந்தது சிவந்த வானமும் குளம் நிறையத் தாமரையும். கொஞ்சம் அழுத்தித் தேய்த்துவிட்டேன். பூவெல்லாம் போய்விட்டது. அடியில் ஒட்டிய வெள்ளித்தாள்தான் கறுப்புத் தண்ணீருக்குள்ளிருந்து ஒளிர்ந்தது. உட்கார்ந்து அழுதேன்.

கூட வேலை செய்யும் தூயெட் ஓடி வந்தாள்.

"அடியே, யாருடி இத வரைஞ்சது?"

"நான்தான். கெடுத்துட்டேன்."

"வாய மூடு. தண்ணிக்கு அடியில விடியுதுடி!"

படத்தை எடுத்துப்போகக் கோயிலிலிருந்து வந்த பிக்குணி அம்மா குனிந்து அதை உற்றுப் பார்த்தார். பிறகு கைகூப்பினார். நான் நினைத்தே பார்க்காத ஒன்றை என் கை எப்படிச் செய்தது? நினைத்தது இன்னும் வரையப்படாமலே கிடக்கிறது.

உலர்ந்த இறால் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே விற்பதில் உப்புதான் இருக்கிறது. இன்னொன்று, ஒருநாள் விடியலில் குளத்துப் பக்கம் போய், தண்ணீர் என்ன நிறம் என்று பார்த்து எழுதுங்கள். கண்ணை மூடினால் இப்போது எனக்கு அந்தப் படம்தான் தெரிகிறது, குளம் தெரியவில்லை.

நம் ஊர் பஸ் கிளம்புகிறது, டிரைவரிடம் கொடுத்துவிட ஓடுகிறேன்.

தோவா