ஆறாவது உதை

பிரம்புப் பந்தைத் தண்ணீரில் போட்டு எடுத்தால் ஒரு வாடை வரும். காய்ந்துபோன பந்து ஒன்றைப் பள்ளிக்கூடத்திலிருந்து இன்று காலை, ஊறவைத்து இளக்கித் தரச் சொல்லிக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வாளியில் முக்கியதும் அந்த வாடை எழுந்தது. முன்பெல்லாம் அதில் உன் ஞாபகம்தான் வரும். இப்போது பயம் வருகிறது.

பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்துப் பிள்ளையாக எங்கள் ஐந்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தாய். பையில் புத்தகம் இல்லை, பந்து இருந்தது. வட்டமாக நின்று அதைக் காலால் தட்டித் தட்டிக் காட்டினாய். "இதுல யாருடி ஜெயிக்கிறது?" என்று கேட்டேன். "ஜெயிக்கிறதுக்கு என்ன இருக்கு? பந்து விழக்கூடாது, அம்புட்டுத்தான்" என்றாய்.

டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இந்த ஆட்டத்தை எழுதி வைக்கிறேன் என்று கிளம்பியவள் நான்தான். காரைக்குடியில் இதை முழுதாகத் தெரிந்தவள் என்று நான் அறிய நீ ஒருத்திதான் மிச்சம். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆட்டத்தின் ஆறு உதைகளில் ஐந்தைக் காலை நீட்டிக் காட்டினாய், நான் செல்போனில் படம் பிடித்தேன். ஆறாவதற்கு வந்ததும் நிறுத்திவிட்டாய். "இது உக்காந்துக்கிட்டுக் காட்டுறது இல்லடி. முட்டி வலி கொறையட்டும், நின்னு காட்டுறேன்."

அதற்குப் பதினோராம் நாள் நீ போய்விட்டாய்.

புத்தகத்தில் ஆறாவது உதையின் இடத்தை நான் வெறுமையாக விட்டிருக்கலாம். ஆனால் தெரியாத கேள்விக்கும் ஏதாவது எழுது, இடம் விடாதே என்று ஆயுசெல்லாம் பிள்ளைகளை மிரட்டியவள் ஆயிற்றே. கைதட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, குதிகாலால் பந்தைப் பின்பக்கமாகத் தட்ட வேண்டும் என்று நானாகவே எழுதினேன். புத்தகம் அச்சாகிவிட்டது. அதைப் பார்த்து ஆடப் பழகும் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு அந்த உதைதான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை அவர்கள் ஆடியதைப் பார்க்கக் காளையார்கோவிலிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். அவரும் சின்ன வயதில் கப்பலில் வந்தவர். கண் கலங்கிப்போய் என்னிடம் வந்தார். "நல்லா எழுதியிருக்கீக டீச்சர். எங்க அக்கா அங்குட்டு ரங்கூன்ல இப்படித்தான் கைதட்டிச் சுத்தி அடிக்கும். மறந்தே போயிருந்தேன்."

அவர் அக்கா உயிரோடு இல்லை. நான் இட்டுக்கட்டிய கைதட்டல் அந்த அம்மாளின் கைக்குப் போய்விட்டது. ஒருவேளை நிஜமாகவே அப்படித்தான் ஆடினார்களோ என்று ஒரு நொடி நம்பக்கூட ஆசைப்பட்டேன். "நன்றிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று ஒரு சீட்டு எழுதினேன். 'ஆறாவது உதை எனக்குத் தெரியாது. புத்தகத்தில் உள்ளது என் கற்பனை.' எல்லாப் பிரதியிலும் ஒட்டச் சொல்லலாம் என்று எண்ணம். கொடுப்பதற்கு முன், மற்ற ஐந்துமாவது சரியா என்று உன் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். முதல் மூன்றும் சரியாகத்தான் இருந்தன. நான்காவதில் நீ காலைத் தூக்கி யோசிக்கிறாய். அதற்குள் என் குரல் முந்திக்கொள்கிறது, "உள்ளங்கால்லதானே?" நீ உன் பாதத்தையே பார்க்கிறாய். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய். "அப்படியே வச்சுக்கடி."

வீடியோவை அங்கேயே நிறுத்தினேன். சீட்டில் 'நான்காவதும்' என்று சேர்த்து எழுதியிருக்கிறேன். ஐந்தாவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறதடி.