கிள்ளையில் பிறை தெரிந்ததா, மச்சான்?

என் அருமை மச்சானுக்கு, சலாம். கப்ருஸ்தானுக்கு வந்து உங்கள் மண்ணறை அருகே நிற்கும்போதெல்லாம் வாயால் சொல்வதை இன்று எழுதிச் சொல்கிறேன்.

மண்டை குழம்பிக் கிடக்கிறது. உங்களைத் தவிர யாரிடம் கேட்பேன்?

பிறை தெரிந்த அன்றே நீங்கள் மவுத்தாகி எங்களை விட்டுப் போனதால், உங்களுக்காக அக்கா துக்கம் காக்கும் இத்தாவுக்குப் பிறைக் கணக்கு பாருங்கள் என்றார் பள்ளிவாசல் ஹஜ்ரத். நான்கு மாதம், அதற்கு மேல் பத்து நாள். அதுவரை அக்கா வாசற்படி தாண்டமாட்டாள். நான்காவது மாதத்தை முடித்துவைக்கும் பிறை நேற்றா, இன்றா என்பதுதான் சிக்கல். நம் ஊர் கிள்ளையில் இதற்கெல்லாம் உங்களிடம்தானே வருவார்கள்? இப்போது உங்கள் லேப்டாப்போடு நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று மதியம் அந்த இலவச வான மென்பொருளைத் திறந்தேன். சாயங்கால நேரம் வைத்தால், மஃரிப் தொழுகைக்குப் பிறகும் பிறை நன்றாக மேலே நின்றது. “இன்னைக்குக் கண்டிப்பா தெரியும்க்கா” என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்புறம் எந்தெந்த ஊரில் பிறை தெரியும் என்று வண்ணம் பூசிக் காட்டும் இணையதளத்தைப் பார்த்தால், நம் கரை முழுக்கச் சந்தேக நிறம். போனில் உள்ள செயலியோ, சூரியன் இறங்கிய கையோடு நிலாவும் இறங்கிவிடும் என்றது. மேகப்படத்தில் மட்டும் வானம் சுத்தம். யாரை நம்புவது? திரும்பவும் லேப்டாப்பைப் பார்த்தேன். ஓரத்தில் சின்ன எழுத்தில் ஊர்ப்பெயர்: குவைத்!

கிள்ளை என்று மாற்றியதும் பிறை சரசரவென்று இறங்கி அடிவானத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த ஊர் வேலையை விட்டு வந்து இத்தனை வருஷம் கழித்து எதற்காக மச்சான் குவைத் வானத்தைப் பார்த்தீர்கள்? அங்கிருக்கும் கூட்டாளிகளுக்குப் பிறை சொல்லவா, இல்லை சும்மாவா?

சாயங்காலம் உங்கள் தொலைநோக்கியைப் பள்ளிவாசல் மாடிக்குத் தூக்கிப் போனேன். ஒருமுறை பிறை பார்க்க இதைக் கிழக்கே கடலைப் பார்த்து நிறுத்தி வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? “டேய் மச்சான், பிறை சிதம்பரம் பக்கம்டா. அங்க மீனுதான் தெரியும்” என்று ஊரே கேட்கச் சிரித்தீர்கள். நேற்று ஒழுங்காக மேற்கே திருப்பினேன். சூரியன் முழுசாக இறங்கிய பிறகுதான் கண்ணை வைத்தேன். அது நீங்கள் போட்ட சட்டம்.

உள்ளே நகக்கீறல் மாதிரி ஒன்று தெரிந்தது. கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

“வெறுங்கண்ணால பாத்தியா தம்பி?” என்றார் ஹஜ்ரத். நம் ஜமாத்தில் அதுதானே கணக்கு? “இல்ல ஹஜ்ரத்” என்றேன். அதனால் இந்த மாதத்துக்கு முப்பது நாள் என்று முடிவானது.

வீட்டுக்கு வந்து, “தெரியலக்கா, நாளைக்குத்தான்” என்றேன்.

“அப்பாடா” என்றாள்.

“என்னக்கா?” என்றேன்.

“இத்தா எப்ப முடியும், எப்ப முடியும்னு எல்லாரும் கேக்கறாங்க. முடிஞ்சிட்டா அவுங்க போயிட்டாங்கன்னு நானும் ஒத்துக்கணும்ல? ஒரு நாள் ஜாஸ்தியா கெடச்சுதுடா.”

உள்ளே பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. எனக்குப் பிறை தெரிந்ததா, தெரியவில்லையா? அவள் வெளியே வரவேண்டும் என்று துஆ செய்வதா, வேண்டாம் என்று செய்வதா? உங்கள் மென்பொருள் ஒன்றிலும் இதற்குப் பதில் இல்லை மச்சான். எனக்கு அழுகைதான் வருகிறது.

இன்றோடு மாதம் முடிகிறது. மேகம் மறைத்தாலும் முடிகிறது. இனி பத்து நாள்தான். அது கழிந்த சாயங்காலம் நிலா எங்கே நிற்கும் என்று பார்த்தேன். ஊர்ப்பெயரை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: கடல் பக்கம் நிற்கும். அன்றைக்கு அக்காவைக் கைபிடித்துக் கரைக்குக் கூட்டிப்போய், உங்கள் தொலைநோக்கியில் நிலாவைக் காட்டுவேன். இது சத்தியம். இந்தத் தடவை நான் கடலைப் பார்த்துத் திருப்பினால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

அக்காவுக்குத் துணையாக இருக்கும்,
உங்கள் மச்சினன் சாதிக்