கல் பூச்சியமாகும் நாள்

1937 பிப்ரவரி 4, வியாழன்

இன்றும் மூன்று குறைந்திருக்கிறது. நீர்கட்டி இருசப்பன் தினமும் காலையில் பாகூர் ஏரியில் நீர்மட்டம் காட்டும் அளவுகல்லைப் பார்த்துவிட்டு வந்து, கொம்யூன் ஆபீசில் குமாஸ்தாவான என்னிடம் எண்ணைச் சொல்லுவான். நான் பதிவேட்டில் எழுதுவேன். பத்து நாளாக ஒரே சீராக, நாளுக்கு மூன்று சென்டிமீட்டர். இன்று 180.

மே மாதப் பரீட்சைக்கு நான் படிக்கும் அல்ஜீப்ராவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. நாள் x, கல்லின் அளவு y. y = 180 − 3x. x-ஐப் பூச்சியமாக்கினால் y 180. கோடு நிமிர்ந்த அச்சை வெட்டும் இடம். y-ஐப் பூச்சியமாக்கினால் x 60. படுத்த அச்சை வெட்டும் இடம். இரண்டு புள்ளி கிடைத்தால் போதும், அளவுகோலை வைத்து இழுத்துவிடலாம். கட்டத்தாளில் இழுத்தேன். ஏப்ரல் 5 அன்று கல் பூச்சியம்.

பிப்ரவரி 6

கனகாம்பாள் அக்கா ஆபீசுக்கு வந்தாள். அத்தான் போன பிறகு வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கும் ஒரு காணியை அவள்தான் பார்க்கிறாள். வருஷச் சாப்பாடு அதிலிருந்துதான். நெல் நடுவதா, தண்ணீர் அதிகம் கேட்காத கேழ்வரகு போடுவதா என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லையாம். நெல்லென்றால் ஏப்ரல் 3 வரை பாய்ச்ச வேண்டும். தாளைக் காட்டினேன். இரண்டு நாள் மிச்சமே இருக்கிறது, தைரியமாக நடு என்றேன்.

வாசலில் நின்ற இருசப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நம்பரை மட்டும் சொல்லிவிட்டுப் போ என்றேன். 174.

மார்ச் 10

கல்லில் 78. கோட்டிலும் 78. இன்று முழுக்க எனக்கு என்னையே பிடித்திருந்தது.

மார்ச் 26, பெரிய வெள்ளி

ஆபீஸ் விடுமுறை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று அக்கா ஆள் அனுப்பினாள். ஏரிக்கு ஓடினேன். மதகு திறந்துதான் இருக்கிறது. கல்லில் 30. கணக்குப்படியும் 30. ஏரியில் தண்ணீர் பளபளவென்று நிற்கிறது.

இருசப்பன் அங்கேதான் இருந்தான். “மதவு வாயே முப்பதுலதாங்க இருக்குது. அதுக்குக் கீழ தண்ணி நிக்கும், வாய்க்காலுக்கு ஏறாது. அன்னிக்கே சொல்ல வந்தேன். நம்பர மட்டும் சொல்லுன்னீங்க” என்றான்.

நான் கண்டுபிடித்தது கல் பூச்சியமாகும் நாள். அவளுக்கு வேண்டியிருந்தது கல் முப்பதாகும் நாள். 30 = 180 − 3x. x ஐம்பது. ஒரே வரி. படுத்த அச்சை முப்பதில் போட்டிருக்க வேண்டும் — அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் இன்னா கொறைஞ்சா போயிருப்பேன்? பால் பிடிக்கிற பயிர். இன்னும் எட்டு நாள்.

மார்ச் 29

இறைகூடை போட்டு ஏரித் தண்ணீரை வாய்க்காலில் இறைக்கிறார்கள். நானும் ஒரு பக்கம் கயிறு பிடித்தேன். கை கொப்பளித்துவிட்டது. தண்ணீரையெல்லாம் மேல்மடை வயல்களே குடித்துவிட்டன. கடைமடைக்கு எட்டவில்லை.

ஏப்ரல் 22

அக்கா களத்தில் நெல்லைத் தூற்றினாள். முக்கால்வாசி பதர். திட்டியிருந்தால் தேவலை. “நீ சொன்ன நாள் வரிக்கும் ஏரியில தண்ணி இருந்துதுடா தம்பி. அது நெசந்தான்” என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜூன் 11

பரீட்சையில் தேறிவிட்டேன். அதே மாதிரிக் கணக்கு ஒன்று வந்திருந்தது. அதற்கு முழு மதிப்பெண்.

1938 பிப்ரவரி 5

அக்கா ஆபீசுக்கு வந்தாள். கட்டத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று இருசப்பனிடம், “இந்த வருசம் நெல்லா, கேவுரா?” என்று கேட்டாள். கேவுரு போடுங்கம்மா என்றான். சரி என்று போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நான் எழுந்து போய், எதை வைத்துச் சொன்னாய் என்று அவனைக் கேட்டேன். உள்ளே கூப்பிட்டு, எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினேன். அவன் உட்காரவில்லை. நின்றபடியே அரை மணி நேரம் சொன்னான். நான் எழுதிக்கொண்டேன்.