முரளியின் பாதி

ஞாயிறு, இரவு.

பொம்மனஹள்ளி அறையில் இருந்தபோது நானும் முரளியும் சேர்ந்து வாங்கிய ஹார்டு டிஸ்க்கை இன்று எடுத்தேன். அப்போதே அதை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ஒரு பாதி என் விண்டோஸுக்கு, மறு பாதி அவன் லினக்ஸுக்கு. அறை அலமாரியையும் அப்படித்தான் பிரித்திருந்தோம்.

என் பாதி நிறைந்துவிட்டது. பாப்பாவின் வீடியோக்களுக்கு இடம் வேண்டும். அவன் பாதியைத் திறக்கப் போனால் ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. காலிதானே என்று பட்டனை அழுத்தப் போனேன்.

"அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணுங்க," என்றாள் மனைவி.

இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவனுக்கு போன் செய்தேன்.

"காலி இல்ல மச்சா. உன் விண்டோஸுக்கு அதப் படிக்கத் தெரியாது, அவ்ளோதான். பென் டிரைவ்ல லினக்ஸ் போட்டு பூட் பண்ணிப் பாரு."

பார்த்தேன். அவ்வளவும் போட்டோக்கள். மொட்டை மாடியில் துணி காயப்போடும் நான். குக்கர் முன்னால் முழிக்கும் நான். முதல் வேலையின் அடையாள அட்டையோடு இளிக்கும் நான். ஒன்றில்கூட அவன் இல்லை. எடுத்தவன் அவன்.

பிறகு என் பாதியில் அவன் படம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினேன்.

சினிமாக்கள்தான் இருக்கின்றன.